பத்துக்குப் பன்னிரண்டு அறையில் குரல் பதிவு: எதிரொலியை அடக்க வாங்குவதற்கு முன்னும் பின்னும் செய்ய வேண்டியவை

வீட்டில் ஓர் அறையை ஒதுக்கி, மைக் வாங்கி, யூடியூபுக்கோ பாட்காஸ்டுக்கோ பேச உட்கார்ந்த முதல் நாளே தெரிந்துவிடும்: மைக் நல்லதுதான், குரல்தான் குடத்துக்குள்ளிருந்து வருகிறது. அடுத்து எல்லோரும் செய்வது ஒன்றுதான். ஆன்லைனில் ஒரு அங்குல கறுப்பு ஃபோம் ஒரு கட்டு வாங்கிச் சுவர் முழுக்க ஒட்டுவார்கள். கணகணப்பு போய்விடும். குடம் அப்படியே இருக்கும்.

அந்த ஃபோமைப் பரிந்துரைக்கும் வெளிநாட்டு வீடியோக்களில் பல, மரச்சட்டத்தில் ஜிப்சம் பலகை அடித்த வீடுகளில் எடுத்தவை. அந்தச் சுவர் தானே அதிர்ந்து, 125 ஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த ஒலியில் கால் பங்குக்கும் மேலாக விழுங்கிக்கொள்ளும். நம் செங்கல் சுவரும் சிமென்ட் பூச்சும் கான்கிரீட் தளமும் அதே ஒலியில் நூற்றுக்கு இரண்டு மூன்றைத்தான் விழுங்கும். மீதி எல்லாம் திரும்பி வரும். அவர்களுக்குச் சுவரே செய்து தரும் வேலையை நாம் காசு கொடுத்துச் செய்ய வேண்டும். அதை மனத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

இங்கே கணக்குகள் எல்லாம் நம் ஊரில் அதிகம் காணும் அறைக்கு: 10 அடி அகலம், 12 அடி நீளம், 10 அடி உயரம், டைல்ஸ் தரை, ஒருவர் உட்கார்ந்து பேசுகிறார்.

1. உங்கள் தொல்லை எது என்று முதலில் பிரியுங்கள்

மின்விசிறியை நிறுத்தி, சன்னலைச் சாத்தி, ஒன்றும் பேசாமல் ஒரு நிமிடம் பதிவு செய்யுங்கள். பிறகு ஒரு பத்தியைப் படித்துப் பதிவு செய்யுங்கள். முதல் பதிவில் பஸ் ஹாரனும் பக்கத்து வீட்டு மிக்ஸியும் கேட்டால் அது வெளிச்சத்தம். இரண்டாவதில் மட்டும், சொல் முடிந்த பிறகும் ஒலி வால் போல நீண்டால் அது அறையின் முழக்கம்.

இரண்டுக்கும் மருந்து வேறு. பஞ்சு போன்ற பொருள் அறைக்குள் திரும்பி வரும் ஒலியைக் குறைக்கும். சுவரைக் கடந்து வரும் ஒலியை ஏறக்குறைய ஒன்றும் செய்யாது. வெளிச்சத்தத்துக்கு வேண்டியது எடையும் இடைவெளி அடைப்பும்: கதவின் அடியில் உள்ள சந்து, சன்னல் சட்ட விளிம்பு, ஏசி குழாய் நுழையும் துளை. சுவரின் எடையை இரண்டு மடங்காக்கினால்தான் சுமார் 6 டெசிபல் குறையும். ‘சவுண்ட் புரூஃப் ஃபோம்’ என்று எழுதியிருந்தால் அந்தக் கடையைத் தாண்டிப் போய்விடுங்கள்.

இந்தக் கட்டுரை இரண்டாவது தொல்லைக்கு மட்டும்.

2. டேப் பிடித்து அளந்து, கணக்குப் போடுங்கள்

ஒலியின் வேகம் 30 டிகிரியில் வினாடிக்கு சுமார் 349 மீட்டர். பாடப்புத்தகத்தில் இருக்கும் 343 இருபது டிகிரிக்கு உரியது. அது கொடைக்கானல் கணக்கு.

எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே ஒலி போய் வரும்போது, சில அதிர்வெண்களில் போகும் அலையும் வரும் அலையும் ஒன்றோடொன்று பொருந்தி ஒரே இடத்தில் நின்று ஆடும். அதுதான் நிலையலை. அதைக் கண்டுபிடிக்க, வேகத்தை இரண்டு மடங்கு தூரத்தால் வகுத்தால் போதும். அதன் இரண்டு, மூன்று மடங்குகளிலும் இது நடக்கும்.

12 அடி (3.66 மீ): 48, 95, 143 ஹெர்ட்ஸ்.
10 அடி அகலம் (3.05 மீ): 57, 114, 172 ஹெர்ட்ஸ்.
10 அடி உயரம்: மறுபடியும் 57, 114, 172.

கடைசி இரண்டு வரியைப் பாருங்கள். அகலமும் உயரமும் சமம் என்பதால் ஒரே அதிர்வெண்ணில் இரண்டு நிலையலைகள் ஏறி உட்கார்ந்திருக்கின்றன. ஆண் குரலின் அடிச்சுருதி பெரும்பாலும் 85-க்கும் 180-க்கும் நடுவே. 114 அதன் நட்டநடுவில் இருக்கிறது. குடம் என்று நாம் சொல்வது இதைத்தான். ஒரு அங்குல ஃபோமுக்கு இந்த 114 என்று ஒன்று இருப்பதே தெரியாது.

உங்கள் அறை அளவுகளை இதே போல எழுதிக்கொள்ளுங்கள். லாஃப்ட் இருந்தால் அதன் கீழ்விளிம்பு வரை ஓர் அளவும், மேல்தளம் வரை இன்னோர் அளவும் எடுங்கள்.

3. காதாலும் கருவியாலும் சோதியுங்கள்

அறை நடுவில் நின்று ஒரு முறை பலமாகக் கை தட்டுங்கள். ‘ஜிர்ர்’ என்று உலோகம் உரசும் சத்தம் வால் போல வந்தால், எதிரெதிர்ச் சுவர்கள் ஒலியைப் பந்து போல மாற்றி மாற்றி அடிக்கின்றன என்று பொருள். பிறகு தாழ்ந்த சுருதியில் ‘ம்ம்ம்’ என்று முனகி, மெல்ல மேலே ஏற்றுங்கள். ஏதோ ஒரு சுருதியில் அறை உங்களோடு சேர்ந்து பாடும். போனில் சுருதி காட்டும் ஆப் இருந்தால் அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். படி 2-ல் எழுதிய எண்களில் ஒன்றுக்குப் பக்கத்தில்தான் இருக்கும்.

கொஞ்சம் துல்லியம் வேண்டுமென்றால் ‘ரூம் ஈக்யூ விசார்ட்’ என்ற இலவச மென்பொருளை லேப்டாப்பில் போடலாம். அளவுத்திருத்தக் கோப்போடு வரும் யூஎஸ்பி அளவை மைக் கிடைத்தால் இரவல் வாங்குங்கள். இந்த ஒரு வேலைக்காக வாங்க வேண்டியதில்லை. போன் மைக்கைக் கொண்டு செய்யும் சோதனையில் ஒரு பொறி உண்டு: பல ரெக்கார்டர் ஆப்கள் இரைச்சலைத் தாமே நீக்கி, ஒலியளவையும் தாமே ஏற்றி இறக்கும். அந்த வசதிகளை அணைக்காவிட்டால் நீங்கள் அளப்பது அறையை அல்ல, ஆப்பை.

ஒரே பத்தியை, ஒரே ஒலியளவு அமைப்பில், மைக்கை ஒரு சாண் தள்ளி வைத்துப் பதிவு செய்து ‘முன்’ என்று பெயரிட்டு வையுங்கள். கடைசிப் படி வரை அது வேண்டும்.

4. செலவில்லாத மாற்றம்: மைக்கும் மேசையும்

பாதிப் பேருக்கு வேலை இங்கேயே முடிந்துவிடும். அதனால் இதில் அவசரப்படாதீர்கள்.

ஒரு காட்சியை எடுத்துக்கொள்வோம். மேசைக்கு மேல் 40 செ.மீ. உயரத்தில் வாய். அதே உயரத்தில், 60 செ.மீ. தள்ளி மைக். நேராகப் போகும் ஒலிக்கு 60 செ.மீ. பயணம். மேசையில் பட்டுத் திரும்பும் ஒலிக்கு 100 செ.மீ. வித்தியாசம் 40 செ.மீ. அலைநீளத்தில் பாதி 40 செ.மீ. ஆகும் அதிர்வெண்ணில், நேர் அலை மேடேறும் நேரத்தில் திரும்பிய அலை பள்ளத்தில் இருக்கும், ஒன்றையொன்று தின்னும். அது 436 ஹெர்ட்ஸ். அடுத்தடுத்து 1309, 2181 என்று அதே கதை. இவற்றுக்கு நடுவே இரண்டும் சேர்ந்து ஏறும். திரும்பிய ஒலி 4.4 டெசிபல்தான் குறைவு என்பதால், பள்ளம் 8 டெசிபல், மேடு 4 டெசிபல். குரல் சீப்புப் பல் போலக் கிழிந்து வரும். ஈக்வலைசரில் இதைச் சரிசெய்ய முடியாது. தலையைக் கொஞ்சம் அசைத்தாலே பள்ளம் இடம் மாறிவிடும்.

இப்போது மைக்கை ஒரு சாண் தூரத்துக்கு, சுமார் 20 செ.மீ.க்குக் கொண்டுவாருங்கள். திரும்பும் ஒலி 12 டெசிபல் கீழே போய்விடும். பள்ளம் 2.4, மேடு 1.9. அதே மேசை, அதே அறை. 60-ஐ 20 ஆக்கியதில் நேர் ஒலி 9.5 டெசிபல் கூடியிருக்கிறது. மைக்கின் ஒலியளவை அந்த அளவு குறைக்கலாம், அறையின் முழக்கமும் அதோடு குறையும். 10 செ.மீ.க்கும் கிட்டே போகாதீர்கள்; முன்பக்க ஒலியையே அதிகம் பிடிக்கும் ஒருபக்க மைக்குகளில் அவ்வளவு நெருக்கத்தில் பேஸ், அதாவது தாழ்ந்த ஒலி, வீங்கும்.

மேசை மேல் தடிமனான துண்டோ பழைய கம்பளியோ விரித்தால் மேல்சுருதிப் பள்ளங்கள் ஆழம் குறையும். கண்ணாடி மேசையாக இருந்தால் இது கட்டாயம்.

அடுத்து, உட்காரும் இடம். அறையின் நட்டநடுவில் 95-ம் 114-ம் உச்சத்தில் இருக்கும். சுவர் ஓரத்திலும் அப்படியே. நீளத்தில் கால் பங்கு, அகலத்தில் கால் பங்கு வரும் இடத்தில் அவை மிகக் குறைவு. நம் அறையில் அது ஒரு சுவரிலிருந்து 3 அடி, மற்றொன்றிலிருந்து இரண்டரை அடி. நடைமுறையில் இரண்டு சுவரிலிருந்தும் மூன்று அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். கேமரா கோணத்துக்காக நடுவில் உட்கார்ந்தே ஆகவேண்டும் என்றால், பின்னால் இதற்கு விலை கொடுக்க வேண்டியிருக்கும்.

5. மெத்தையை நிமிர்த்திப் பாருங்கள்

பொருள் வாங்குமுன் ஒரு நாள் ஒத்திகை. கட்டில் மெத்தையை எடுத்து, பேசுபவரின் முதுகுக்குப் பின்னால், சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி நிமிர்த்தி வையுங்கள். இலவம்பஞ்சு மெத்தை துணி உறையோடு இருந்தால் மிக நல்லது. ரெக்சின் உறை போட்டது என்றால் உதவாது. காற்று உள்ளே போகாத பரப்பில் பட்ட மேல்சுருதி அப்படியே திரும்பும். அதே பத்தியைப் படித்துப் பதிவு செய்து, ‘முன்’ பதிவோடு ஒப்பிடுங்கள். மெத்தையைப் பக்கச் சுவர், மூலை என்று மாற்றிப் பாருங்கள். எங்கே வைத்தபோது அதிகம் மாறியதோ, நாம் செய்யப்போகும் ஒலி விழுங்கும் பலகையில் (மரச்சட்டத்தில் பஞ்சு அடைத்துத் துணி போர்த்தியது) முதலாவது அங்கேதான்.

முட்டை அட்டை, தெர்மாகோல், சுவரில் ஒட்டும் செங்கல் டிசைன் ஃபோம் ஷீட் மூன்றையும் இந்த ஒத்திகையில் வைத்துப் பார்த்தால் பணம் மிச்சமாகும். தெர்மாகோலின் குமிழ்கள் மூடியவை; காற்று புகாது, ஒலியும் புகாது. பின்னணிக்காக மாட்டும் ஃப்ளெக்ஸ் பேனரும் இதே ரகம்.

6. எத்தனை பலகை வேண்டும்?

முழக்கம் அடங்கும் நேரத்துக்குச் சபைன் சூத்திரம்: 0.161 × அறையின் கன அளவு ÷ மொத்த உறிஞ்சும் பரப்பு (பட்ட ஒலி முழுவதையும் விழுங்கும் பரப்பாக மாற்றிக் கணக்கிட்டது). நம் அறை 34 கன மீட்டர். அதாவது 5.48-ஐ உறிஞ்சும் பரப்பால் வகுக்க வேண்டும். காலி அறையில் அந்தப் பரப்பு ஏறக்குறைய 2 சதுர மீட்டர்தான். முழக்கம் இரண்டே முக்கால் வினாடி. மெத்தை, திரை, ஒரு ஆள் சேர்ந்தால் சுமார் 5.

பேச்சுக்கு 0.4 வினாடி போதும். அதற்கு வேண்டியது 13.7. இருப்பது 5 போக 8.7 பாக்கி. 1.2 மீ × 0.6 மீ பலகை ஒன்று 0.72 சதுர மீட்டர். பன்னிரண்டு பலகை. சிறிய அறையில் இந்தச் சூத்திரம் தோராயம்தான். ஆனால் நான்கு போதுமா நாற்பது வேண்டுமா என்ற குழப்பம் தீரும்.

தடிமன்தான் முக்கியம், எண்ணிக்கை அடுத்தது. துளையுள்ள பொருள் ஒலியை விழுங்குவது காற்றுத்துகள் வேகமாக ஆடும் இடத்தில். சுவரை ஒட்டி அந்த ஆட்டம் இல்லை. சுவரிலிருந்து கால் அலைநீளத் தூரத்தில்தான் உச்சம். 1000 ஹெர்ட்ஸுக்கு அது 9 செ.மீ., 250-க்கு 35 செ.மீ., 100-க்கு 87 செ.மீ. ஒரு அங்குலப் பொருள் யாரைப் பிடிக்கும், யாரை விட்டுவிடும் என்று இதிலிருந்தே தெரிந்துவிடும். 10 செ.மீ. பஞ்சும் பின்னால் 5 செ.மீ. காற்று இடைவெளியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். காற்றுக்குக் காசு இல்லை.

7. வாங்கும்போது கேட்க வேண்டிய தாள்கள்

வேண்டியது 50 மி.மீ. ராக்வூல் (பாறையை உருக்கி இழையாக்கிய பஞ்சு) ஸ்லாப், கன மீட்டருக்கு 48 முதல் 64 கிலோ அடர்த்தி. இரண்டை அடுக்கினால் 100 மி.மீ. பன்னிரண்டு பலகைக்கு 24 ஸ்லாப். 48 கிலோ அடர்த்தியில் ஒன்று 1.73 கிலோ, மொத்தம் 42 கிலோகூட வராது, ஆனால் ஒரு கன மீட்டருக்குக் கொஞ்சம் குறைவான இடம் பிடிக்கும். குட்டி யானை ஒரு நடை. இந்த ஏற்றுகூலியைக் கணக்கில் சேர்க்க மறந்துவிடாதீர்கள்.

ராக்வூல் விற்பது இன்சுலேஷன் சாமான் மொத்தக் கடைகளில், கட்டாகத்தான் தருவார்கள். குறைந்தது மூன்று கடையில் எழுத்துமூலம் கொட்டேஷன் வாங்குங்கள். அதில் அடர்த்தி, தடிமன், ஸ்லாப் அளவு, கட்டுக்கு எத்தனை, ஜிஎஸ்டி சேர்த்தா சேர்க்காமலா, ஏற்றுகூலி யாருடையது என்ற ஆறும் இருக்க வேண்டும். கட்டு விலையை, ஸ்லாப் எண்ணிக்கை × ஒரு ஸ்லாப்பின் சதுர மீட்டர் என்பதால் வகுத்துச் சதுர மீட்டர் விலையாக மாற்றிய பிறகே ஒப்பிடுங்கள். ஆலைக்கு ஆலை ஸ்லாப் அளவு மாறும். கட்டு விலையை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள்.

ரெடிமேட் பலகை வாங்குவதாக இருந்தால் சோதனை அறிக்கை கேளுங்கள். விளம்பரத்தில் எழுதும் என்ஆர்சி எண் (பட்ட ஒலியில் எவ்வளவு பங்கை விழுங்கும் என்பது) 250, 500, 1000, 2000 ஹெர்ட்ஸ் நான்கின் சராசரி. 125 அதில் கிடையாது. 250-ல் 0.15, 500-ல் 0.45, 1000-ல் 0.80, 2000-ல் 0.95 விழுங்கும் ஒரு ஃபோமுக்கும் என்ஆர்சி 0.60 என்று அழகாக வரும். உங்கள் 114-க்கு அதனால் ஒரு பயனும் இல்லை. ஆகவே ஒற்றை எண்ணை ஏற்காமல் அதிர்வெண்வாரி அட்டவணையைக் கேட்டு, 125 என்ற கட்டத்தை முதலில் பாருங்கள். பிறகு எப்படி மாட்டிச் சோதித்தார்கள் என்ற வரி. ‘ஏ’ என்றால் நேராகத் தளத்தில் வைத்தது. ‘இ-400’ என்றால் பின்னால் 400 மி.மீ. காற்று விட்டுச் சோதித்தது. அதை நீங்கள் சுவரோடு ஒட்டினால் அந்த எண் கிடைக்காது. ஒன்பது மி.மீ. பாலியெஸ்டர் பலகைகளை வாங்கும்போது இந்த வரிதான் கண் திறக்கும்.

வாடகை வீடு என்றால் இன்னொரு தாள்: சுவரில் துளை போட வீட்டுக்காரரின் சம்மதம். ஒப்பந்தத்தில் துளை பற்றி ஏதாவது இருக்கிறதா என்று முதலில் படியுங்கள். சம்மதத்தை வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்கி, வேலைக்கு முன் சுவர்களைப் படம் எடுத்து அதே உரையாடலில் அனுப்பிவிடுங்கள். காலி செய்யும்போது அட்வான்ஸில் பிடித்தம் பற்றிப் பேச்சு வந்தால் இது உதவும். சம்மதம் கிடைக்காவிட்டால் பலகைக்குக் கால் வைத்து நிறுத்தலாம்.

8. பலகை செய்வது

சட்டத்துக்கு 4 × ¾ அங்குல ரீப்பர். ஒரு பலகைக்குச் சுற்றளவு 3.6 மீ., நடுக்குறுக்கு 0.6 மீ. பன்னிரண்டுக்கும் சேர்த்து 50 மீட்டர். வெட்டுச் சேதாரத்தோடு 180 அடி வாங்குங்கள். கரையான் மருந்து அடித்துக் காய்ந்த பிறகே கட்ட வேண்டும். நடுக்குறுக்கைப் பின்பக்கம் பட்டையாகப் படுக்க வையுங்கள்; ஸ்லாப் பின்னால் சரியாமல் தாங்கும்.

துணிக்குக் காடாவே போதும். வாயில் வைத்து ஊதுங்கள். மறுபக்கம் கையில் காற்று பட்டால் அந்தத் துணி சரி. சாட்டின், பூச்சுப் பூசிய சோபாத் துணி வேண்டாம். ஒரு பலகைக்கு 90 × 150 செ.மீ. வேண்டும். 60 அங்குலப் பன்னா என்றால் 12 மீட்டர், 36 அங்குலம் என்றால் 18 மீட்டருக்கு மேல். தைக்குமுன் ஒரு முறை நனைத்துக் காயப்போடுங்கள். சுருங்கும் துணி பிறகு சட்டத்தை முறுக்கிவிடும். இழை உதிராமலிருக்க உள்ளே மெல்லிய நான்-வோவன் துணி ஒரு சுற்று.

ராக்வூலைத் தொடும்போது முழுக்கைச் சட்டை, கையுறை, என்95 முகக்கவசம், கண்ணாடி. மொட்டைமாடியில் செய்யுங்கள், மின்விசிறிக்குக் கீழே வேண்டாம். அரிப்பு எடுத்தால் தேய்க்காமல் குளிர்ந்த நீரில் கழுவுங்கள். இரண்டு பேர் சேர்ந்தால் சட்டத்துக்கு ஒரு நாள், துணி இழுத்து ஸ்டேப்பிள் அடிக்க ஒரு நாள்.

9. மாட்டும் இடம்

பேசுபவர் நாற்காலியில் இருக்க, மைக் இருக்கும் இடத்தில் ஒருவர் கண்ணை வைத்துக்கொள்ளட்டும். இன்னொருவர் கண்ணாடி ஒன்றைச் சுவரோடு சுவராக நகர்த்தட்டும். கண்ணாடியில் பேசுபவரின் வாய் தெரியும் இடம்தான் ஒலி முதலில் பட்டுத் திரும்பும் இடம். பென்சிலால் குறியுங்கள். மேல்தளத்துக்கும் இதே முறை.

பன்னிரண்டைப் பங்கிடும் விதம்: முதுகுக்குப் பின் 2, கிட்டத்தில் உள்ள பக்கச் சுவரில் 2, எதிர்ச்சுவரில் 2, தலைக்கு மேல் 2, இரண்டு மூலைகளில் ஒன்றன் மேல் ஒன்றாக 4. மூலையில் இரண்டு சுவருக்கும் குறுக்காக வையுங்கள், 60 செ.மீ. பலகைக்குப் பின்னால் நடுவில் 30 செ.மீ. ஆழம் கிடைக்கும். எல்லா நிலையலைகளும் மூலையில் வந்து சேரும் என்பதால் 114-க்கு வலை விரிக்க இதைவிட நல்ல இடம் இல்லை. நடுவில் உட்கார்ந்தே ஆகவேண்டியவர்கள் மீதி இரண்டு மூலைகளுக்கும் இன்னும் நான்கு பலகை செய்துகொள்ளுங்கள்.

ஒவ்வொன்றும் எட்டு ஒன்பது கிலோ இருக்கும். ஆணியில் தொங்கவிடாதீர்கள், டிரில் போட்டு ரோல் பிளக், ஸ்க்ரூ. மேல்தளப் பலகைக்கு நான்கு கொக்கி, சங்கிலி. தளத்துக்குள் மின்விசிறிக்குப் போகும் ஒயர் பைப் ஓடுகிறது. விசிறிப் பெட்டிக்கும் சுவர்ச் சுவிட்சுக்கும் நடுவே உள்ள கோட்டில் துளை போடக் கூடாது. விசிறி இறக்கையிலிருந்தும் தள்ளியே இருக்கட்டும். ஐப்பசி, கார்த்திகையில் ஈரம் பூக்கும் சுவராக இருந்தால் அதில் மாட்டும் வேலையைத் தை மாதத்துக்குத் தள்ளிவையுங்கள். ராக்வூல் ஈரத்தைத் தாங்கும், காடாத் துணி பூஞ்சை பிடிக்கும்.

10. ஆறு மாட்டியதும் நிறுத்தி அளங்கள்

முதலில் மூலைப் பலகைகள் நான்கும், முதுகுக்குப் பின் இரண்டும். பிறகு அதே பத்தி, அதே ஒலியளவு, அதே ஒரு சாண். ‘முன்’ பதிவோடு மாற்றி மாற்றிக் கேளுங்கள். கை தட்டும்போது ‘ஜிர்ர்’ மிச்சமிருந்தால் பக்கச் சுவருக்கும் எதிர்ச்சுவருக்கும் போங்கள். அது போய், முனகும்போது அறை இன்னும் கூடப் பாடினால் சுவருக்கு வைத்திருந்ததை மூலைக்கு மாற்றுங்கள். எதுவுமே கேட்கவில்லை என்றால் மீதி ஆறையும் மாட்ட வேண்டாம். குரல் போர்வைக்குள் பேசுவது போல மந்தமானால் மேல்சுருதி அளவுக்கு மீறிப் போய்விட்டது. எதிர்ச்சுவரில் இருக்கும் இரண்டைக் கழற்றிவிட்டு அங்கே புத்தக அலமாரியை நகர்த்துங்கள்.